கேலரினா: ஒரு நஞ்சும் ஐந்து பெயர்களும்

மழை ஓய்ந்து சில நாட்கள் ஆனதும், காட்டில் வீழ்ந்து கிடக்கும் மரங்களின் மேலும், வெட்டி எஞ்சிய அடிமரங்களின் மேலும் சிறு காளான்கள் கூட்டங்கூட்டமாகத் தோன்றுகின்றன. அவற்றுள் மிகப் பல பழுப்பு நிறத்தன, உருவில் சிறியன, ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறியத்தக்க அடையாளம் எளிதில் புலப்படாதவை. காளானியல் வல்லுநர்களே இவற்றின் பெயரை ஆராய்ந்து சலித்து, 'சிறு பழுப்புக் காளான்கள்' என்னும் பொதுப்பெயரால் குறித்துவிட்டு அப்பால் செல்வதுண்டு. ஆயினும் இக்கூட்டத்தில் கேலரினா என்னும் பேரினத்தைச் சேர்ந்த காளான்களும் உள்ளன. அவற்றுள் சில மனிதனின் உயிரைப் போக்க வல்லவை. எது கொல்லும், எது கொல்லாது என்னும் கேள்விக்கு விடை காண ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகள் ஆயின. அவ்விடை பெரிதும் வகைப்பாட்டியலின் வழியாகவே கிடைத்தது.

காளான் என்று நாம் காண்பது அவ்வுயிரின் முழு உடல் அன்று. இனப்பெருக்கத்தின் பொருட்டுச் சில நாட்கள் மட்டும் வெளிவரும் உறுப்பே அது. உண்மையான உடல், மயிரினும் மெல்லிய இழைகளாக மரத்தினுள் பரவி, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மறைந்து வாழ்கின்றது. இவ்விழைகள் நொதிகளைச் சுரந்து மரத்தைக் கரைத்து உண்கின்றன. மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கும் ஆற்றல் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. காளான்களுள் ஒரு பகுதி லிக்னினையும் செல்லுலோஸையும் சேர்த்தே சிதைப்பன. அப்போது எஞ்சும் மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். இதனை வெண்மக்கல் என்பர். வேறு சில செல்லுலோஸை மட்டும் உண்டு, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அம்மரம் பழுப்பு நிறமடைந்து, கட்டங்கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இது பழுப்பு மக்கல். கேலரினா மார்ஜினேட்டா என்னும் இனத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பெற்று, அதுபற்றிய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. லிக்னினைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் நொதிகளுக்குரிய மரபணுக்கள் அதில் பல காணப்பட்டன. ஆகவே இது வெண்மக்கலை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய காளான்கள் இல்லையாயின், காடு தன்னுடைய வீழ்ந்த மரங்களாலேயே மூடுண்டு போகும்.

கேலரினா பேரினம் முழுவதும் மரத்தில் வாழ்வது என்று எண்ணிவிடலாகாது. இதில் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல, மாஸ் என்னும் பாசிப் படுகைகளுக்கு இடையே மெல்லிய காம்புடன் நிற்பவை. அவற்றைக் கூர்ந்து தேடினாலன்றிக் காண்பது அரிது. மட்கும் மரத்தில் வாழ்பவை சிலவே. ஆயினும் மனிதன் கைப்படுபவையும், கறியாகச் சட்டியில் சேர்பவையும் இந்தச் சிலவேயாகும்.

மார்ஜினேட்டாவின் தோற்றம் வருமாறு. குடை ஏறத்தாழ 2 முதல் 4 சென்டிமீட்டர் அகலமுடையது. இளமையில் குவிந்து, முதிர்ந்ததும் விரிந்து தட்டையாகும். ஈரமாய் இருக்கையில் தேன் கலந்த பழுப்பு நிறம்; விளிம்பருகே அடியிலுள்ள தகடுகளின் நிழல் கோடுகளாகத் தெரியும். வெயில் பட்டு உலரும்போது நிறம் நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து மங்கிய தோல் நிறமாகிவிடும். காலையில் கண்ட காளானையே பிற்பகலில் கண்டால் வேறு இனமோ என்று ஐயுறத் தோன்றும். காம்பு மெல்லியது, அடிப்பகுதி மேற்பகுதியைவிடக் கருத்திருக்கும். காம்பின் மேற்பாகத்தில் மெல்லிய சவ்வு போன்ற வளையம் ஒன்று உண்டு. முதலில் வெண்மையாக இருக்கும் இவ்வளையம், மேலிருந்து சிதல்கள் உதிர்ந்து படியப்படியத் துரு நிறம் பெறும். பின்னர் மழையிலோ கை பட்டோ உதிர்ந்தும் போகும். நசுக்கினால் மாவின் வாடை வீசும். ஊசியிலை மரங்களின் மேல் மிகுதியாகவும், அகன்ற இலை மரங்களின் மேல் ஓரளவும் வளரும்.

பெயர் வந்த வழி

ஜெர்மானிய அறிஞர் பாட்ச் 1789இல் இக்காளானை அகாரிகஸ் மார்ஜினேட்டஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அக்காலத்தில் குடையும் தகடும் உடைய காளான் எதுவாயினும் அகாரிகஸ் என்றே வழங்கப்பட்டது. சுவீடன் நாட்டு எலியாஸ் ஃபிரீஸ், அப்பெருங்கூட்டத்தைச் சிதல்களின் நிறத்தைக் கொண்டு பிரிக்கத் தொடங்கினார். வெண்ணிறச் சிதல், இளஞ்சிவப்புச் சிதல், துரு நிறச் சிதல், கருநிறச் சிதல் என்று அமைந்த அவருடைய பிரிவினை எளியது; எவரும் கையாளத் தக்கது. இன்றைக்கும் காட்டில் நடப்பவருக்கு அதனினும் நல்ல முதற்படி வேறில்லை. துரு நிறச் சிதலுடைய, மெல்லிய, மணி வடிவக் குடை கொண்ட சிறு காளான்களுக்கு அவர் கேலரா என்னும் பெயரை ஆண்டார். தலைக்கவசம் அல்லது குல்லாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. கும்மர் என்பார் 1871இல் அதைத் தனிப் பேரினமாக உயர்த்தினார்.

இங்கே ஒரு சிக்கல் நேர்ந்தது. 1825இலேயே புளூம் என்னும் தாவரவியலார் ஆர்க்கிட் செடி ஒன்றுக்குக் கேலரா என்று பெயர் சூட்டியிருந்தார். செடிகளுக்கும் காளான்களுக்கும் பெயரிடும் விதிகள் ஒரே தொகுப்பில் அடங்குபவை. ஆதலால் ஒரே பெயர் இரண்டிற்கும் செல்லாது. மூத்த பெயரே நிற்கும். அந்த ஆர்க்கிட் பசுமையற்றது. மண்ணிலுள்ள பூசண இழைகளிடமிருந்து உணவு பெற்று வாழ்வது. காளானுக்கு உரிய பெயரைத் தடுத்த செடி, காளானை உண்டு வாழ்வதாக அமைந்தது ஒரு வேடிக்கையே. அமெரிக்கரான ஏர்ல் 1909இல் அமைத்த கேலரினா என்னும் பெயரே பின்னர் நிலைத்தது.

பழைய கேலராக் கூட்டத்தை உண்மையில் பிரித்துக் கொடுத்தது நுண்பெருக்கியாகும். பிரெஞ்சு அறிஞர் ராபர்ட் கூனர் 1935இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு மைல்கல் எனலாம். குடையின் மேல்தோலைச் சீவி நுண்பெருக்கியில் வைத்தால், ஒரு பகுதிக் காளான்களில் தோலின் செல்கள் உருண்டையாக நின்று கல் பாவியது போலத் தோன்றும். மறு பகுதியில் அவை நீண்ட இழைகளாகப் படுத்திருக்கும். முன்னவை கானோசைபி, பின்னவை கேலரினா. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போல்வன.

அதைவிட முக்கியமான மற்றொரு காரியத்தையும் கூனர் செய்தார். மார்ஜினேட்டாவுக்குக் காம்பில் வளையம் இருந்ததால், முந்தைய ஆசிரியர்கள் அதனை ஃபோலியோட்டா என்னும் வேறு பேரினத்தில் வைத்திருந்தனர். வளையம் ஒரு வெளி அடையாளமே; சிதலின் அமைப்பும் தகடுகளிலுள்ள தனி வகைச் செல்களுமே உறவைக் காட்டுவன என்று கொண்டு, கூனர் அதனைக் கேலரினாவுக்கு மாற்றினார். இக்காளானின் சிதல் பாதாம் பருப்பின் வடிவுடையது. மேற்பரப்பு சுருக்கங்களும் பருக்களும் நிறைந்தது. காம்போடு ஒட்டியிருந்த இடத்திற்கு மேலே மட்டும் வழுவழுப்பான ஒரு தட்டை இடம் காணப்படும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மார்ஜினேட்டாவையும் அதனை ஒத்த மரவாழ் இனங்களையும் சேர்த்து அவர் நௌகோரியாப்சிஸ் என்னும் உட்பிரிவை வகுத்தார். இவ்வுட்பிரிவின் பெயரை நினைவில் இருத்தல் வேண்டும். பின்னால் அது மீண்டும் வரும்.

அமெரிக்கரான அலெக்சாண்டர் ஸ்மித்தும், ஜெர்மனியில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய ரோல்ஃப் சிங்கரும் 1964இல் கேலரினா பற்றிய பெருநூலை வெளியிட்டனர். உலகெங்கும் அறியப்பட்ட ஏறத்தாழ 200 இனங்கள் அதில் விவரிக்கப்பட்டன. அந்நூலின் உழைப்பு வியக்கத்தக்கது. ஆனால் அக்காலத்து வழக்கப்படி, குடையின் வழவழப்பு, தகட்டின் செல் வடிவம், வளரும் இடம் ஆகியவற்றில் கண்ட சிறு வேறுபாடுகளும் தனித்தனி இனப் பெயர்களுக்குக் காரணமாயின.

பத்து நோயாளிகள், நான்கு பெயர்கள்

இதனிடையே நஞ்சு பற்றிய செய்திகள் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தன. நியூயார்க் மாநிலத்துத் தாவரவியலாரான பெக், 1872இல் இலையுதிர் காலத்துக்குரியது என்னும் பொருள்பட ஆட்டம்னாலிஸ் என்ற இனத்தை விவரித்தார். அதே காளானை உண்டு மக்கள் நோயுற்ற செய்தியை 1912இல் அவரே வெளியிட நேர்ந்தது. ஆரிகன் மாநிலத்தில் புல்தரையில் முளைத்த காளானை உண்டு இருவர் நோயுற்றனர். அக்காளானை ஸ்மித் 1953இல் புதிய இனமாகக் கொண்டு, நஞ்சுடையது என்னும் பொருள்பட வெனனேட்டா என்று பெயரிட்டார். புல்தரையில் முளைத்ததாயினும், அதன் இழைகள் மண்ணுள் புதைந்த மரத்துண்டுகளில் வாழக்கூடியன. 1963இல் வெனனேட்டாவை வேதியியல் முறையில் சோதித்தபோது, மரணக்குடை எனப்படும் அமானிட்டா ஃபலாய்டிஸ் காளானில் உள்ள அதே அமாடாக்சின் நஞ்சு அதிலும் வெளிப்பட்டது. அமானிட்டா பெரியது, வெண்ணிறச் சிதல் உடையது, மரவேர்களோடு கூடி மண்ணில் வாழ்வது. இரண்டுக்கும் உறவு மிகத் தொலைவு. ஆயினும் நஞ்சு ஒன்றே.

1978க்கும் 1995க்கும் இடையே, அமாடாக்சின் உள்ள கேலரினாக்களால் நேர்ந்த நச்சு நோய்கள் பத்து என மருத்துவ ஏடுகள் கணக்கிட்டன. ஐரோப்பாவில் மூன்று, அவை மார்ஜினேட்டா, யூனிகலர் என்னும் பெயர்களில் பதிவாயின. வட அமெரிக்காவில் ஏழு. அவை வெனனேட்டா, ஆட்டம்னாலிஸ் என்னும் பெயர்களிலும், ஒன்று பெயர் அறியப்படாத கேலரினா என்றும் பதிவாயின. வாஷிங்டன் மாநிலத்தில் இருவர் உயிரிழந்தனர். இப்பதிவைப் படிக்கும் ஒரு மருத்துவர் என்ன முடிவுக்கு வருவார்? நான்கு வெவ்வேறு நச்சுக் காளான்கள் உள்ளன; ஒவ்வொன்றும் அரிதாகவே தீங்கு செய்கின்றது; ஐரோப்பியக் காளான் அமெரிக்காவில் இல்லை, அமெரிக்கக் காளான் ஐரோப்பாவில் இல்லை என்றே எண்ணுவார். ஒரு நாட்டில் பெற்ற அனுபவம் மறு நாட்டிற்குப் பயன்படாமற் போகும்.

நார்வே நாட்டுக் குல்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இக்குழப்பத்தைத் தீர்த்தது. அவர்கள் பல இடங்களிலிருந்து திரட்டிய மாதிரிகளின் டி.என்.ஏ.வில், இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் ஒரு குறிப்பிட்ட பகுதியை ஒப்பிட்டு நோக்கினர். ஆட்டம்னாலிஸ், ஆரிகனென்சிஸ், யூனிகலர், வெனனேட்டா என்னும் நான்கையும் மார்ஜினேட்டாவினின்று வேறு பிரிக்கத் தக்க வேறுபாடு எதுவும் அவற்றின் டி.என்.ஏ.வில் இல்லை. ஐந்து பெயர்களையும் ஒரே பெயரின் கீழ்க் கொணரலாம் என்பது அவர்கள் முடிவு. குடை வழவழப்பாக இருந்தது என்றும், ஈரமாக மட்டும் இருந்தது என்றும் இரு இனங்களைப் பிரித்த முன்னோர், மழை பெய்த நாளையும் பெய்யாத நாளையுமே ஓரளவு பிரித்திருக்கின்றனர்.

பெயர்கள் குறைந்ததனால் அச்சம் குறையவில்லை, தெளிவு மிகுந்தது. வடகோளத்தின் குளிர் நாடுகளில் பரவியுள்ள ஒரே காளான் தொகுதி, ஒரே நஞ்சு, ஒரே வகை நோய் என்பது புலனாயிற்று. பின்னர் வந்த ஆய்வாளர் சிலர் இத்தொகுதிக்குள் நுண்ணிய வேறுபாடுகளை மீண்டும் காண்கின்றனர். ஆதலால் இன்று கவனமாக எழுதுவோர் 'பரந்த பொருளில் மார்ஜினேட்டாத் தொகுதி' என்றே குறிக்கின்றனர்.

இதற்கு மாறான செய்தி ஒன்றும் உண்டு. 2005இல் குல்டன் குழுவினர் கேலரினாப் பேரினம் முழுவதையும் டி.என்.ஏ. வழியாக நோக்கியபோது, அது ஒரே மூதாதையினின்று கிளைத்த குடும்பம் அன்று என்று கண்டனர். வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றிய சிறு பழுப்புக் காளான்களை, தோற்ற ஒற்றுமையால் மனிதன் ஒரே பெயரில் கட்டி வைத்திருந்தான். மேல்நிலை வகைப்பாடும் அவ்வாறே மாறியது. நூல்களில் கார்டினேரியேசி, ஸ்ட்ரோஃபேரியேசி என்னும் குடும்பங்களில் வைக்கப்பட்ட கேலரினா, இப்போது ஹைமனோகேஸ்ட்ரேசி குடும்பத்தில் இடம் பெறுகின்றது. இக்குடும்பத்திற்குப் பெயர் தந்த ஹைமனோகேஸ்டர், குடையும் காம்பும் இன்றி மண்ணுக்கடியில் கிழங்கு போலக் கிடப்பது. வெளித்தோற்றம் உறவுக்குச் சான்றாகாது என்பதை வகுப்பில் விளக்க இதனினும் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பேரினமே ஒன்றல்லவாயின், நஞ்சு எங்கே உள்ளது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஆய்வொன்று 2021இல் இதற்கு விடை கூறிற்று. கேலரினாவையும் அதன் நெருங்கிய உறவினங்களையும் சேர்ந்த 70 மாதிரிகளில் நஞ்சு அளந்து பார்க்கப்பட்டது, அவற்றின் டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டது. 24 மாதிரிகளில் அமாடாக்சின் இருந்தது. அந்த 24ம் மார்ஜினேட்டாத் தொகுதியைச் சேர்ந்தவை. கூனர் 1935இல் வகுத்த நௌகோரியாப்சிஸ் கிளைக்குள் அடங்குபவை. எஞ்சிய 46இல் அந்நஞ்சு தென்படவில்லை. நுண்பெருக்கி மட்டுமே கொண்டு பிரான்சில் வரைந்த எல்லைக்கோடு, எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நஞ்சின் எல்லையோடு பொருந்தி நின்றது. மற்றொரு முடிவும் கள ஊழியர்கள் கருதத்தக்கது. தோற்றத்தையும் நுண் அமைப்பையும் கொண்டு 'மார்ஜினேட்டாத் தொகுதி' என்று வல்லுநர்கள் முன்பே பெயர் எழுதி வைத்த மாதிரிகள், டி.என்.ஏ. சோதனையிலும் அத்தொகுதியாகவே அமைந்தன. தனி இனத்தைக் கண்ணால் பிரிப்பது அரிது. ஆபத்தான தொகுதியை இனங்காண்பது இயலும்.

நஞ்சின் இயல்பு

அமாடாக்சின் என்பது எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகப் பிணைந்த ஒரு சிறு மூலக்கூறு. உயிர்ச்செல்லின் உட்கருவில், மரபணுவின் செய்தியைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதிகளுள் இரண்டாவதனை இது பற்றிக்கொண்டு இயங்கவொட்டாது தடுக்கின்றது. செய்தி நின்றால் புரதம் உண்டாவது நிற்கும், செல் மடியும். இரத்தத்தின் வழியே வரும் நஞ்சைக் கல்லீரல் செல்களே மிகுதியாக உட்கொள்வதால் அவையே முதலில் அழிகின்றன. சமைத்தலாலும் உலர்த்துதலாலும் இந்நஞ்சு கெடாது.

மனிதனுக்கு உயிர்க்கேடு விளைக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் என மதிப்பிடுவர். 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு 2 மில்லிகிராம் ஆயிற்று. மார்ஜினேட்டாவில், பறித்த ஈர நிலையில், ஒரு கிராமுக்கு 0.08 முதல் 0.24 மில்லிகிராம் வரை நஞ்சு அளவிடப்பட்டுள்ளது. எனவே 8 கிராம் முதல் 25 கிராம் வரையுள்ள காளானே அக்குழந்தைக்குப் போதும். ஒரு சிறு கைப்பிடிக்குள் அடங்கும் அளவு அது.

நோய் வரும் முறையே மக்களை ஏமாற்றுவது. உண்டபின் 6 மணி முதல் 24 மணி வரை ஒன்றும் தோன்றாது. பின்னர்க் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அடுத்து, நோய் தணிந்ததுபோல ஓர் இடைவெளி வரும். நோயாளி எழுந்து அமர்வார், வீட்டார் ஆறுதல் அடைவர். அந்நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று நாட்களில் மஞ்சள் காமாலையும் நினைவு தடுமாற்றமும் தோன்றினால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். சிலருக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையே எஞ்சிய வழியாகும்.

இத்தொலைதூர உறவினங்களில் ஒரே நஞ்சு எவ்வாறு வந்தது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2007இல் அமானிட்டாவில் இந்நஞ்சுக்குரிய மரபணு கண்டறியப்பட்டது. மார்ஜினேட்டாவில் முதலில் 35 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி ஒன்று உண்டாகி, ஒரு நொதியால் வெட்டுண்டு, அதிலுள்ள எட்டு மட்டும் வளையமாகின்றன. இந்த வேலையை ஆராயக் கேலரினாவே மிகவும் உதவிற்று. அமானிட்டா மரவேரின் துணையின்றி வளர்வது கடினம்; மரத்தை மக்கச் செய்து வாழும் கேலரினாவோ ஆய்வுக்கூடக் குடுவையில் தானே வளர்ந்து நஞ்சையும் உண்டாக்கும். அமானிட்டா, கேலரினா, லெபியோட்டா என்னும் மூன்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, இவை பரம்பரை வழியாக அன்றி, வேறொரு பழங்காளானிடமிருந்து குறுக்கே தாவி வந்தவை என்ற முடிவைக் கூறுகின்றது.

வெப்ப நாடுகளில்

இதுகாறும் கூறியவை குளிர் நாடுகளைப் பற்றியவை. ஆனால் இப்பேரினத்தின் மிகக் கொடிய இனங்களுள் ஒன்று நம் பக்கத்தது. கேலரினா சல்சிசெப்ஸ் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் பரவியுள்ளது என நூல்கள் குறிக்கின்றன. ஐரோப்பாவின் வெப்பக் கண்ணாடி மனைகளிலும் சில வேளை முளைத்துள்ளது. பெயரின் பொருள் வரித்தலையன் என்பது. ஆங்கிலேயரான பெர்க்லி 1848இல் இதனை மராஸ்மியஸ் என்னும் பேரினத்தில் வைத்தார். மராஸ்மியஸ் காளான்கள் வெண்ணிறச் சிதலுடையவை. பெரும்பாலும் தீங்கற்ற சிறு உயிர்கள். போடெய்ன் என்னும் அறிஞரே இதனைக் கேலரினாவுக்கு மாற்றியவர். 1930களில் இந்தோனேசியாவில் இக்காளானை உண்டு 14 பேர் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் சீனாவிலும் இதனால் நச்சு நோய்கள் நேர்ந்துள்ளன. இதன் நஞ்சு மரணக்குடையினும் கடுமையானது எனக் கருதப்படுகின்றது. கவனிக்க வேண்டியது யாதெனில், இதன் காம்பில் வளையம் இல்லை. தகடுகள் இடைவெளி விட்டு அமைந்திருக்கும். 'வளையமுள்ள பழுப்புக் காளான் நஞ்சு' என்று மாத்திரம் கற்றுக்கொண்டவர், வளையமற்ற இதனை ஐயமின்றிப் பறித்துவிடுவார்.

களத்திலும் வகுப்பறையிலும்

நம் நாட்டில் மரத்தில் வளரும் காளான்களை உண்ணும் வழக்கம் பல பகுதிகளில் உண்டு. மணிப்பூரிலும் மிசோரமிலும் சைசோஃபில்லம் என்னும் சிறு காளான் விரும்பி உண்ணப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது. அதனை இழித்துரைத்தல் தகாது. ஆயினும் அவ்வறிவு குறிப்பிட்ட காட்டுக்கும் குறிப்பிட்ட காளானுக்கும் உரியது. பிழைப்புக்காக வேற்றூர் சென்றவர், தம் ஊரில் கண்டதைப் போன்ற ஒன்றை அங்கே பறிக்கும்போதுதான் விபத்து நேர்கின்றது. ஒரே அடிமரத்தில் உண்ணத்தக்க காளானும் கேலரினாவும் கலந்து முளைப்பதும் உண்டு. வெளிநாடுகளில் நேர்ந்த நச்சு நோய்கள் பல, ஒரு கொத்தில் நல்லவற்றைப் பறிக்கும்போது இடையே நின்ற மற்றதையும் சேர்த்துப் பறித்ததனால் விளைந்தவை.

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, அரிசி நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி அரித்தால் நல்லது என்பன போன்ற சோதனைகள் எவையும் அமாடாக்சினைக் காட்டா. பூச்சிகளும் நத்தைகளும் இந்நஞ்சுள்ள காளான்களைத் தின்று இனிதே வாழ்கின்றன.

பள்ளியில் சிதல் அச்சு எடுத்துக் காட்டுவது எளிது. விரிந்த குடையைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் தகடு கீழ்நோக்க வைத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால், காலையில் தகடுகளின் வடிவில் சிதல்கள் படிந்திருக்கும். சிப்பிக் காளான் வெண்மையாகவும், வைக்கோல் காளான் மங்கிய சிவப்பாகவும், கேலரினா துருப்பழுப்பாகவும் அச்சிடும். ஃபிரீஸ் வகுத்த முறையை மாணவர் இவ்வாறு தம் கையாலேயே செய்து பார்க்கலாம். ஆனால் இது உண்ணத்தக்கது எது என்று காட்டும் சோதனை அன்று. மரணக்குடையின் அச்சும் வெண்மையே. இதனை ஆசிரியர் அழுத்திச் சொல்லாவிடின், பாடமே தீங்காக முடியும். காளானைத் தொடுவதனால் கேடில்லை. உண்டால்தான் நஞ்சு ஏறும். எனினும் வேலை முடிந்தபின் கை கழுவுதல் நன்று.

மாதிரி சேகரிக்கும் ஊழியர் காம்பை ஒடிக்காமல், கத்தியால் அடியோடு பெயர்த்து, ஒட்டிய மரத்துண்டோடு எடுத்தல் வேண்டும். எந்த மரம், வீழ்ந்ததா நிற்பதா, மக்கல் வெண்மையா பழுப்பா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஈரமாய் இருக்கும்போது ஒரு படமும் உலர்ந்தபின் ஒரு படமும் எடுப்பது பயன் தரும். பிளாஸ்டிக் பையில் இட்டால் சில மணி நேரத்தில் அழுகிவிடும். காகித உறையே ஏற்றது. மிதமான சூட்டில் உலர்த்தி வைத்த மாதிரியில் டி.என்.ஏ. பல ஆண்டுகள் நிலைக்கும்.

காளான் உண்டு ஒருவர் நோயுற்றார் என்று செய்தி வந்தால், சமைத்த கறியின் மீதி, நறுக்கி எறிந்த துண்டுகள், பறித்த இடத்தில் எஞ்சி நிற்கும் காளான்கள் ஆகியவற்றை நோயாளியுடனேயே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். கழிவிலிருந்தும் கறியிலிருந்தும் சிதல்களைப் பிரித்தெடுத்து நுண்பெருக்கியில் காண இயலும். சுருக்கமுள்ள பழுப்புச் சிதல் ஒன்றே மருத்துவருக்கு வழி காட்டிவிடும். எத்தனை மணிக்கு உண்டார், எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். 6 மணிக்கு மேல் கடந்து வாந்தி தொடங்கியிருப்பின் அமாடாக்சின் என்றே கருதி நடத்தல் முறை. அதே சட்டியிலிருந்து உண்ட மற்றவர்களையும், அவர்கள் நலமாக இருப்பதாகவே கூறினாலும், அதே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும்.